கிணற்றுத் திறப்பு

கோண்டாவிலில், ரயில் கடவைக்கு இந்தப் பக்கம்,
பெயர்ப்பலகை இல்லாத வீடு.
ஆறு கட்டில். பதினான்கு இரவு. காசு இல்லை.
தொலைபேசியில் இந்த மூன்றையும் சொன்னால்
மறுமுனை மூன்றாவதைத்தான்
திருப்பிக் கேட்கும்.

இரவு எட்டுக்கு நான் பொறுப்பெடுக்கும்போது
லோஜிதா என் கையில் வைப்பவை:
மருந்துப் பெட்டித் திறப்பு,
சவர அலகுகள் கிடக்கும் லாச்சித் திறப்பு,
மூலை மடிந்த கொப்பி,
கடைசியாகக் கிணற்றுத் திறப்பு.
கிணற்றுக்குக் கம்பிவலை. ஆறு மணிக்குப் பூட்டு.
ஏனென்று நாங்கள் சொல்வதில்லை.
வந்தவர்கள் கேட்பதுமில்லை.

குணநாயகத்தை மச்சான்காரன்
மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து இறக்கினான்.
ஏழாலை. வயது ஐம்பத்திரண்டு.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து
கழற்றாமலே கதிரையில் இருந்தார்.
கழற்றுங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை.
நாவாந்துறை ரெஜினா மட்டும்
அந்த மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு
குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.
அவளுக்கு அது செவ்வாய்க்கிழமைச் சத்தம்,
கிழமைக் கட்டுக்காசு கேட்டு வருகிற சத்தம்.
பத்து மணிக்கு அவரும் ஹெல்மெட்டைக் கழற்றினார்,
அவளும் வெளியே வந்தாள்.
இரண்டு பேருக்கும் புட்டு ஆறிப்போயிருந்தது.

"தேத்தண்ணி எவ்வளவு?"
ஒண்டுமில்லை.
"கட்டிலுக்கு?"
ஒண்டுமில்லை.
"லீசிங்காரனும் முதல்ல
சிரிச்சுத்தான் கதைச்சவன், தங்கச்சி."
அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.
சிரிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் இரவு, இரண்டே முக்கால்.
பின்கதவடியில் நின்றார்.
கிணத்தடிக்குப் போக வேணும், முகம் கழுவ.
குளியலறையில் குழாய் இருக்கிறது.
அது அவருக்கும் தெரியும்.
சுற்றி வளைக்காதே, நேரே கேள்
என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.
கேட்கும்போது நாக்கு வறண்டுபோகும் என்று
சொல்லித் தரவில்லை.

"சாகிற எண்ணம் இருக்கோ அண்ணை?"

"இருக்கு" என்றார்,
சில்லறை இருக்கோ என்று கேட்டதற்குச்
சொல்வதுபோல.

இரண்டு கதிரை இழுத்துப் போட்டேன்.
நுளம்புத்திரி கொளுத்தினேன்.
ஓட்டோவை இழுத்துக்கொண்டு போன நாளில்
பின்சீற்றில் மகளின் குடை கிடந்ததாம்.
ஓட்டோ போனதைவிட
அந்தக் குடையைக் கேட்க வாய் வராததைத்தான்
மூன்றுமுறை சொன்னார்.
மூன்றுமுறையும் புதிதாகக் கேட்டேன்.
இடையில் நான் தூங்கி விழுந்ததும் உண்மை.
"படுங்கோ தங்கச்சி" என்றார்.
நீங்கள் படுத்தால் என்றேன்.
இருவரும் படுக்கவில்லை.

கொழும்பு ரயில் கடவையைத் தாண்டியபின்
கிணற்றைத் திறந்தேன்.
அவர் அள்ளினார், நான் பக்கத்தில் நின்றேன்.
சவுக்காரம் நுரைக்காத தண்ணீர்.
முகத்தில் சுண்ணாம்பு வெள்ளை காய்ந்தது
இருவருக்கும்.
ஏழரைக்கு வைத்தியர் வந்தார்.

பதினான்காம் நாள் பையைக் கட்டிவிட்டு
துண்டு கேட்டார்.
இலவசத்துக்கு என்ன துண்டு?
"எழுத்தில வேணும்."
கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன்:
இரவு பதினான்கு. சாப்பாடு நாற்பத்திரண்டு.
தேத்தண்ணி எண்ணவில்லை.
மொத்தம் பூச்சியம். நிலுவை பூச்சியம்.
நிலுவை என்ற சொல்லில்
அவர் விரல் நெடுநேரம் நின்றது.
திகதி போடச் சொன்னார். ஒப்பம் கேட்டார்.
மடித்து ஹெல்மெட்டின் உள்பஞ்சுக்குள் செருகினார்.

பதினைந்தாம் இரவைப் பற்றிக்
கூட்டத்தில் சண்டை போட்டிருக்கிறேன்.
வாசலில் காத்திருப்பவர்களின் பட்டியலை
லோஜிதா மேசையில் வைப்பாள்.
நான் வாயை மூடுவேன்.
போனவர்களுக்கு மூன்று அழைப்பு மட்டும் உண்டு:
முதலாம் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள்.

முதலாம் நாள்: சுகம் என்றார். நான் நம்பவில்லை.
மூன்றாம் நாள்: எடுக்கவில்லை. எட்டு மணிக்கும் இல்லை.
மச்சான்காரன் எடுத்தான். "படுத்திருக்கிறார்."
ஏழாம் நாள்: காற்றின் இரைச்சல், ஹோர்ன்,
"பிறகு எடுங்கோ, ஆள் ஏத்திக்கொண்டு போறன்."
ஆரின்ர ஓட்டோ என்று கேட்க முதல்
வைத்துவிட்டார்.

கொப்பியில் எழுதினேன்:
எடுத்தார்.